பெட்டி வாசலில் விழாத தேனீக்கள்

(பாலக்காடு மாவட்டம் கொழிஞ்சாம்பாறையில், தேனீ வளர்ப்போரும் மா, ஏல விவசாயிகளும் கூடிய கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



மேடைக்கு வருவதற்கு முன்னால் வெளியே தேநீர் குடித்துக்கொண்டிருந்தேன். ஒரு பெரியவர் வந்து என் கையைப் பிடித்து நிறுத்தினார். முதலமடைப் பக்கம் மாந்தோப்பு ஓரமாகப் பெட்டி வைத்திருக்கிறாராம். "போன வருஷம் பூ எடுத்தப்ப பதினோரு பெட்டி இருந்துச்சு சார். மாங்கா பறிக்கறப்ப நாலுதான் மிச்சம். வாசல்ல ஒரு தேனீகூடச் செத்துக் கிடக்கலை. மருந்துல செத்திருந்தா குவிஞ்சு கிடக்கணுமில்ல? அப்ப மருந்து காரணமில்லைதானே?" என்று கேட்டார். நான் எழுதிக்கொண்டு வந்திருந்த தொடக்கத்தை அங்கேயே விட்டுவிட்டேன். இன்றைக்கு நாம் பேச வேண்டியது அவருடைய கேள்வியைத்தான்.

அந்தக் கேள்விக்குள் ஒரு கணக்கு இருக்கிறது. தேனீ செத்தால் மருந்து கெட்டது, சாகாவிட்டால் மருந்து நல்லது. இது அவர் ஒருவருடைய கணக்கு மட்டுமில்லை. உலகம் முழுக்கப் பூச்சிக்கொல்லிக்கு அனுமதி கொடுக்கும்போது முதலில் பார்ப்பதும் இதைத்தான். கூண்டில் தேனீக்களை அடைத்து, சர்க்கரைப் பாகில் மருந்தைக் கலந்து கொடுத்து, 48 மணி நேரத்தில் எந்த அளவில் பாதித் தேனீக்கள் சாகின்றன என்று பார்ப்பார்கள். அந்த அளவுக்கு மிகக் கீழே இருந்தால் ஆபத்தில்லை என்று எழுதிவிடுவார்கள். நம் கடைகளில் விற்கும் புட்டிகளில் ஒரு முக்கோணம் அச்சிட்டிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். சிவப்பு, மஞ்சள், நீலம், பச்சை என்று நான்கு நிறம். பச்சை என்றால் தேனீக்கும் கெடுதல் இல்லை என்று நினைப்பவர்கள் பலர். அந்த நிறம் பாலூட்டிகளுக்கு எவ்வளவு நஞ்சு என்பதை வைத்துத் தீர்மானிக்கப்பட்டது. தேனீயைப் பற்றி அது எதுவும் சொல்வதில்லை.

பிணத்தை எண்ணும் இந்தக் கணக்குக்கு வெளியே என்ன நடக்கிறது என்பதைக் கடந்த இருபது ஆண்டுகளாகத்தான் அறிவியல் பார்க்கத் தொடங்கியிருக்கிறது. பார்க்க முடிந்ததற்குக் காரணம், தேனீயின் மரபணுக்களைப் படிக்க வழி கிடைத்ததுதான். 2006-ல் இத்தாலியத் தேனீயின் முழு மரபணுத் தொகுதியும் வெளியானது. நம்முடைய பெட்டித் தேனீயான இந்தியத் தேனீ எந்த இனமோ, அந்த ஆசியத் தேனீயின் மரபணுத் தொகுதியை 2015-ல் கொரிய விஞ்ஞானிகள் வெளியிட்டார்கள்.

மரபணு என்றதும் தாய் தகப்பனிடமிருந்து வரும், மாறாத ஒன்று என்று நினைத்துக்கொள்கிறோம். மருந்து எப்படி அதை மாற்றும் என்று சந்தேகம் வரும். இதை இந்த ஊரில் விளக்குவது எளிது. ஆழியாற்றுத் தண்ணீர் மணக்கடவு தாண்டிச் சித்தூர் வயல்களுக்கு வருகிறது. கால்வாய் எல்லார் வயலையும் தொட்டுக்கொண்டுதான் போகிறது. கால்வாய் இருப்பதால் மட்டும் பயிர் விளைந்துவிடாது. எந்த மடை எந்த நாளில் திறக்கிறது, எவ்வளவு திறக்கிறது, எப்போது மூடுகிறது என்பதில்தான் விளைச்சல் இருக்கிறது. மரபணு என்பது கால்வாய். மரபணுச் செயல்பாடு என்பது மடை. மருந்து கால்வாயை உடைக்க வேண்டியதில்லை. நள்ளிரவில் வந்து நாலு மடையை மாற்றித் திறந்துவிட்டுப் போனால் போதும், பயிர் கருகும். காலையில் வந்து பார்ப்பவருக்குக் கால்வாயில் ஓர் உடைப்பும் தெரியாது.

தேனீயின் வாழ்க்கை முழுவதும் இந்த மடைகளை வைத்துத்தான் நடக்கிறது. ராணிக்கும் வேலைக்காரத் தேனீக்கும் மரபணுவில் வித்தியாசம் இல்லை. ஒரே மாதிரி முட்டையிலிருந்து வந்தவைதான். முதல் மூன்று நாள் எல்லாப் புழுவுக்கும் அரசக்கூழ் கிடைக்கிறது. அதற்குப் பிறகும் தொடர்ந்து அதையே தின்னும் புழு ராணியாகிறது. மற்றவற்றுக்குத் தீனி மாறுகிறது. தீனி மாறியதும் மடைகள் மாறுகின்றன. 2008-ல் ஆஸ்திரேலியாவில் ஓர் ஆய்வு செய்தார்கள். மரபணுக்களின் மேல் பூட்டுப் போடுகிற ஒரே ஒரு நொதியைப் புழுப் பருவத்தில் அடக்கினார்கள். வேலைக்காரத் தேனீயாக வளர வேண்டிய புழுக்களில் பெரும்பாலானவை ராணியின் உடலமைப்போடு வெளியே வந்தன. ஒரு பூட்டைத் தொட்டதற்கு இவ்வளவு.

இன்னொன்றும் உண்டு. பெட்டியைத் திறந்து பார்ப்பவர்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. பிறந்த தேனீ உடனே பூவுக்குப் போவதில்லை. முதலில் அறையைச் சுத்தம் செய்யும், பிறகு புழுவுக்குத் தீனி கொடுக்கும், அடை கட்டும், வாசலில் காவல் நிற்கும். இரண்டு மூன்று வாரம் போன பின்புதான் வெளியே போகும். அமெரிக்காவின் இல்லினாய்ஸ் பல்கலைக்கழகத்தில் ஜீன் ராபின்சன் குழுவினர் 2003-ல் செவிலித் தேனீயின் மூளையையும் பூவுக்குப் போகும் தேனீயின் மூளையையும் ஒப்பிட்டார்கள். சோதித்த சுமார் 5,500 மரபணுக்களில் 39 விழுக்காடு இரண்டிலும் வேறு வேறு அளவில் செயல்பட்டுக்கொண்டிருந்தன. வேலை மாறும்போது மூளையே மடை மாற்றிக்கொள்கிறது. வீட்டு வேலை செய்த தேனீ வழி கற்கவும், வெயிலை வைத்துத் திசை பார்க்கவும், வாசனையை நினைவில் வைக்கவும் தயாராகிறது. இந்த மாற்றம் நடக்கும் நாட்களில் ஒரு சொட்டு நஞ்சு உள்ளே போனால் என்ன ஆகும் என்று யோசியுங்கள்.

மடை திறந்திருந்ததா மூடியிருந்ததா என்று எப்படிக் கண்டுபிடிக்கிறார்கள்? தேனீயை உயிரோடு பிடித்து, அதே நொடியில் திரவ நைட்ரஜனில் போடுகிறார்கள். பூஜ்யத்துக்கும் 196 டிகிரி கீழே. உடம்புக்குள் நடந்துகொண்டிருந்த எல்லாம் நடந்த இடத்திலேயே உறைந்துவிடும். பிறகு அதை அரைத்து ஆர்.என்.ஏ.வைப் பிரித்து எண்ணுகிறார்கள். ஆர்.என்.ஏ. என்பது மடை வழியே ஓடிவந்த தண்ணீர். எந்த மரபணுவின் ஆர்.என்.ஏ. நிறைய இருக்கிறதோ அந்த மடை நன்றாகத் திறந்திருந்தது என்று அர்த்தம். செத்துக் காய்ந்த தேனீயில் இதைப் பார்க்க முடியாது. சில மணி நேரத்தில் ஆர்.என்.ஏ. சிதைந்துவிடும். வாசலில் கிடக்கும் பிணங்களைப் பொறுக்கிக்கொண்டு போய்க் கொடுத்தால் நஞ்சின் எச்சத்தைத் தேடலாம், அவ்வளவுதான். மடையின் கதை உயிருள்ள தேனீயிடம் மட்டும்தான் இருக்கிறது.

இனி மருந்துக்கு வருகிறேன். இமிடாகுளோபிரிட் என்ற பெயர் இங்கே எல்லோருக்கும் தெரியும். மாவில் தத்துப்பூச்சிக்கு அடிக்கிறோம். நியோநிக்கோட்டினாய்டு என்ற குடும்பத்தைச் சேர்ந்தது. இலையில் பட்டாலும் வேரில் ஊற்றினாலும் செடிக்குள் ஏறி, மகரந்தத்திலும் தேன்சுரப்பிலும் கொஞ்சம் வந்து சேரும். 2013-ல் இங்கிலாந்தின் நாட்டிங்காம் பல்கலைக்கழகத்தில், தேனீப் புழுக்கள் இருக்கும் கூட்டுக்கு இமிடாகுளோபிரிட் கலந்த பாகைக் கொடுத்தார்கள். எவ்வளவு கலந்தார்கள் தெரியுமா? நூறு கோடியில் இரண்டு பங்கு. பத்து டன் ஏற்றும் லாரிகள் நூறு வரிசையாக நிற்கின்றன, எல்லாவற்றிலும் சர்க்கரைப் பாகு என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்த நூறு லாரிக்கும் சேர்த்து இரண்டு கிராம். வயலில் தேனீ சந்திக்கக்கூடிய அளவுதான் அது. ஆனால் புழுக்களுக்குள் நஞ்சை உடைக்கும் நொதிகளின் மரபணுக்களில் பல அதிகமாகத் திறந்திருந்தன. சர்க்கரையையும் கொழுப்பையும் உடைத்து உடம்புக்குச் சக்தி தரும் மரபணுக்கள் பல தாழ்ந்திருந்தன. வீட்டில் கஞ்சிக்கு வைத்திருந்த அரிசியை விற்று வைத்தியம் பார்ப்பது மாதிரி.

என்னைத் தூங்கவிடாத ஆய்வு வேறொன்று. அதே 2013-ல் இத்தாலியில் நடந்தது. இதுவும் அதே குடும்பத்து மருந்துதான், குளோத்தியானிடின். பெரும்பாலான தேனீக்களின் உடம்பில் சில வைரஸ்கள் வெளியே தெரியாமல் இருந்துகொண்டே இருக்கும். தேனீயின் நோய் எதிர்ப்பு அவற்றை அடக்கி வைத்திருக்கும். குளோத்தியானிடின் பட்டபோது ஒரு குறிப்பிட்ட மரபணு அளவுக்கு மீறித் திறந்துகொண்டது. அந்த மரபணுவின் வேலையே நோய் எதிர்ப்பு மடையை மூடுவது. மூடுகிறவன் பலம் பெற்றுவிட்டான். சிறகைச் சுருக்கிப் போடும் வைரஸ் உடம்பெங்கும் பெருகியது. இமிடாகுளோபிரிடிலும் இது நடந்தது. குளோர்பைரிபாஸில் நடக்கவில்லை. இதைக் கவனிக்க வேண்டும். குளோர்பைரிபாஸ் நல்லது என்று நான் சொல்லவில்லை. அது வேறு வழியில் கொல்லும், அடிக்கிறவரையும் சேர்த்து நோகடிக்கும். ஒவ்வொரு மருந்தும் ஒவ்வொரு மடையைத் தொடுகிறது என்பதற்காகச் சொல்கிறேன். 2019-ல் லண்டன் குயின் மேரி பல்கலைக்கழகத்தில் பம்பிள் தேனீக்களை வைத்துப் பார்த்தபோது, குளோத்தியானிடின் வேலைக்காரத் தேனீக்களில் 55 மரபணுக்களின் செயல்பாட்டை மாற்றியிருந்தது. 31 கூடியிருந்தன, மற்றவை குறைந்திருந்தன. அதே குடும்பத்து இமிடாகுளோபிரிடின் விளைவு அவ்வளவு பெரிதாக இல்லை. ராணிகளில் ஒரு மாதிரியும் வேலைக்காரத் தேனீக்களில் வேறு மாதிரியும் இருந்தது.

பெரியவரே, உங்கள் கேள்விக்கு இங்கே பாதிப் பதில் வந்துவிட்டது. மருந்து தேனீயைக் கொல்ல வேண்டியதில்லை. நோயோடு போராடும் சக்தியை எடுத்துவிடலாம், அல்லது வழியை மறக்கடித்துவிடலாம். வழி மறந்த தேனீ வாசலில் விழாது. தோப்புக்கும் பெட்டிக்கும் நடுவில் எங்கோ புல்லில் விழும். 2012-ல் பிரான்சில் தேனீக்களின் முதுகில் நுண்ணிய மின்னணுச் சில்லுகளை ஒட்டி, அதே குடும்பத்துத் தயாமீதாக்சாம் கொடுத்து, கூட்டிலிருந்து தூரமாகக் கொண்டுபோய் விட்டார்கள். மருந்து தின்றவற்றில் வீடு திரும்பாதவை அதிகம். பூவுக்குப் போனவை திரும்பாவிட்டால், உள்ளே இருக்கும் இளம் தேனீக்கள் வயதுக்கு முன்பே வெளியே போகவேண்டி வரும். புழுவுக்குத் தீனி கொடுக்க ஆள் குறையும். பெட்டி நாளுக்கு நாள் மெலியும். பிணக் குவியல் எங்கேயும் இருக்காது.

மாந்தோப்பில் நாம் செய்யும் இன்னொரு காரியத்தையும் சொல்ல வேண்டும். பூ எடுக்கும்போது தத்துப்பூச்சி வருகிறது, சாம்பல் நோயும் வருகிறது. ஆள் கூலி மிச்சம் என்று பூச்சிமருந்தையும் பூஞ்சாணமருந்தையும் ஒரே டிரம்மில் கலந்து அடிக்கிறோம். பூஞ்சாணமருந்து பூச்சியை எதுவும் செய்யாது என்று நம்பித்தான் அடிக்கிறோம். தேனீயின் உடம்பில் நஞ்சை உடைக்கும் ஒரு நொதிக் குடும்பம் இருக்கிறது, பி450 என்று பெயர். பழ ஈயில் இந்தக் குடும்பத்து மரபணுக்கள் எண்பதுக்கு மேல், மலேரியாக் கொசுவில் நூறுக்கு மேல். தேனீயில் 46 மட்டும். பூவின் தேனையும் மகரந்தத்தையும் தின்று, கூட்டின் சுத்தத்துக்குள் வாழ்ந்த பூச்சிக்கு அதற்கு மேல் தேவைப்பட்டிருக்காது என்று விளக்கம் சொல்கிறார்கள். இருக்கும் 46-லும் சைப்9க்யூ என்ற சிறு கூட்டம்தான் பல மருந்துகளை உடைக்கிறது. 2018-ல் வந்த ஓர் ஆய்வின்படி, அதில் ஒரு நொதி அதே நியோநிக்கோட்டினாய்டு குடும்பத்துத் தயாகுளோபிரிடை விரைவாக உடைத்துவிடுகிறது, இமிடாகுளோபிரிடை உடைக்கத் திணறுகிறது. தேனீக்கு முன்னது அவ்வளவு கடுமையாக இல்லாததற்கும் பின்னது கொடுமையாக இருப்பதற்கும் காரணம் அதுதான். சாம்பல் நோய்க்கு நாம் அடிக்கும் ஹெக்சாகோனசோல் அசோல் வகையைச் சேர்ந்தது. அந்த வகை மருந்துகள் பூஞ்சாணத்தில் தாக்குவதும் பி450 நொதியைத்தான். தேனீயின் பி450-யும் அவற்றுக்கு மாட்டிக்கொள்கிறது. கூடவே லாம்டா சைஹலோத்ரின் மாதிரி ஒரு பூச்சிமருந்தைக் கலந்தால், தனியாக அடித்திருந்தால் தேனீ சமாளித்திருக்கும் அளவே அதைக் கொல்லும். அசோல் வகையோடு இந்த மருந்தைக் கலப்பதால் வரும் ஆபத்து 1993-லேயே இங்கிலாந்தில் நிரூபிக்கப்பட்டது. முப்பது ஆண்டுகளுக்கு மேல் ஆகிவிட்டன. இங்கே டிரம்மில் குச்சியை விட்டுக் கலக்கும் எந்தத் தொழிலாளியிடமும் யாரும் இதைச் சொன்னதில்லை. கடைக்காரரும் சொல்வதில்லை.

இப்போது மலைக்கு ஏறுவோம். உங்களில் சிலர் போடி, தேவாரம், கம்பத்திலிருந்து வந்திருக்கிறீர்கள். இடுக்கி ஏலமலை உங்களுக்கு வேலைத்தலம்.

ஏலப்பூவை உட்கார்ந்து பார்த்தவர்கள் குறைவு. குனிந்தே வேலை செய்கிறவர்களுக்கு உட்கார நேரம் ஏது? பூ மேலே வருவதில்லை, தட்டையின் அடியில், சரத்தில், தரையோடு தரையாக வருகிறது. வெள்ளை இதழ், நடுவில் ஊதாக் கோடுகள். விடிவதற்குள் விரிந்துவிடும், சாயங்காலம் வாடிவிடும். அந்த ஒரு பகல்தான் அதற்கு ஆயுள். பெண்ணுறுப்பின் முனை மகரந்தப்பையைத் தாண்டி மேலே நீட்டிக்கொண்டிருக்கும். அதனால் பூ தன் மகரந்தத்தைத் தானே எடுத்துக்கொள்ள முடியாது. யாராவது வந்து தொட்டுக் கொடுக்க வேண்டும். வருகிறவள் நம் தேனீதான், அல்லது மலைத்தேனீ. பூவின் குழல் அவள் நாக்கைவிடப் பல மடங்கு நீளம். அடியில் இருக்கும் தேன் அவளுக்கு எட்டக்கூடாது. ஆனால் குழலுக்குள்ளே பெண்ணுறுப்பின் தண்டு இடத்தை அடைத்துக்கொண்டிருப்பதால் தேன் மேலே ஏறி நிற்கிறது. பெங்களூர் வேளாண் பல்கலைக்கழகத்தின் பெலவாடி குழுவினர் இதைக் கண்டு 1997-ல் எழுதினார்கள். அவள் தலையை உள்ளே விட்டுக் குடிக்கும்போது முதுகில் மகரந்தம் அப்பிக்கொள்கிறது. அடுத்த சரத்தில் நுழையும்போது முதலில் தொடுவது பெண்ணுறுப்பின் முனையை. இப்படி ஒரு காய். புற்றடியிலும் போடியிலும் ஏலம் போகும் ஒவ்வொரு மூட்டையும் இப்படி எண்ணிக்கையில்லாத தொடல்களால் ஆனது.

அந்தத் தேனீ பூவுக்கு அதிகமாக வரும் நேரம் எது? காலை எட்டிலிருந்து மதியம்வரை. தோட்டத்தில் மருந்தடி எப்போது? அதே நேரத்தில்தான். ஏன் என்று யோசித்திருக்கிறீர்களா? போடியிலிருந்தும் கம்பத்திலிருந்தும் ஜீப் விடியற்காலையில் கிளம்புகிறது. போடிமெட்டு ஏறி, கம்பம்மெட்டு ஏறி, குமுளி ஏறித் தோட்டம் சேர்ந்து, பிற்பகலில் இறங்கிவிட வேண்டும். ஆடி, ஆவணியில் மதியத்துக்கு மேல் மழை பிடித்துக்கொள்ளும், அடித்த மருந்து கழுவிப் போய்விடும். கூலி நேரம், ஜீப் நேரம், மழை நேரம் மூன்றும் சேர்ந்து மருந்தைத் தேனீயின் நேரத்துக்குள் தள்ளிவிடுகின்றன. யாரும் தேனீக்குக் கெடுதல் செய்ய நினைத்து அடிப்பதில்லை. இலைப்பேனுக்கும் தண்டு துளைப்பானுக்கும் பயந்து அடிக்கிறார்கள். பயம் நியாயமானதுதான், இலைப்பேன் சொறி விழுந்த காய்க்கு விலை இல்லை. ஆனால் பல தோட்டங்களில் மாதம் ஒருமுறை தவறாமல் மருந்து போகிறது, பூ இருக்கும் மாதங்களிலும் போகிறது. மே மாதத்திலிருந்து அக்டோபர்வரை சரத்தில் பூ இருக்கும். காயைக் காப்பாற்ற அடிக்கும் மருந்து, காயாக வேண்டிய பூவுக்கு வரும் தேனீயின் மடையை மாற்றிக்கொண்டிருக்கிறது.

இதில் இன்னொரு உயிரும் இருக்கிறது. முதுகில் டேங்க் மாட்டிக்கொண்டு, மூக்கில் துண்டைக் கட்டிக்கொண்டு அடிக்கிறவர். தேனீயின் நரம்பில் செய்தி கடத்தும் அசிட்டைல்கோலின் நம் நரம்பிலும் இருக்கிறது. குயினால்பாஸ் மாதிரியான மருந்துகள் அதை உடைக்கும் நொதியைத்தான் முடக்குகின்றன, தேனீயிலும் மனிதரிலும். மருந்தடித்துவிட்டு வந்த இரவு தலைவலி, கண் மங்கல், வாயில் எச்சில் ஊறுதல் என்று சொல்லும் தோழர்களும் சகோதரிகளும் இந்தக் கூட்டத்திலேயே இருப்பார்கள். நாம் இதை மருந்து என்று அழைத்துப் பழகிவிட்டோம். அந்தச் சொல் நம்மைக் கவனமில்லாமல் ஆக்கிவிட்டது என்று பல நாள் நினைத்திருக்கிறேன்.

நம் இந்தியத் தேனீக்கு ஏற்கெனவே ஒரு பெரிய அடி விழுந்திருக்கிறது. 1991, 92-ல் தாய்லாந்து சாக்புரூட் வைரஸ் வந்தது. புழு தண்ணீர் நிறைந்த பை மாதிரி ஆகிச் சாகும். கேரளத்தில் நூற்றுக்குத் தொண்ணூறுக்கு மேல் கூட்டங்கள் அழிந்தன. குமரி மாவட்டத்தில் தேனை நம்பியிருந்த குடும்பங்கள் நொடித்துப்போயின. அந்த நோயை மருந்துதான் கொண்டுவந்தது என்று நான் சொல்ல மாட்டேன், அதற்கு ஆதாரம் கிடையாது. நான் கேட்பது வேறு. அந்த வைரஸ் இன்னும் நம் பெட்டிகளில் இருக்கிறது. தப்பிப் பிழைத்த கூட்டங்கள் அதைத் தாங்கக் கற்றுக்கொண்டுதான் பெருகியிருக்கின்றன. நோய் எதிர்ப்பு மடையை மூடும் மருந்தை அவற்றின் பூவிலேயே நாம் வைத்தால், அந்தத் தாங்கும் சக்தி எத்தனை நாள் நிற்கும்?

நான் இதுவரை சொன்ன மரபணுச் செயல்பாட்டு ஆய்வுகள் எல்லாமே மேற்கு நாட்டுத் தேனீக்களை வைத்துச் செய்தவை. இது எனக்கு உறுத்தலாகவே இருக்கிறது. நம் தேனீயின் இனத்தை வைத்துச் சில நல்ல வேலைகள் நடந்திருக்கின்றன. சீனாவின் யுன்னானில் டான் கென் என்பவர் 2014-ல் நம் தேனீயின் இனத்துக்கே இமிடாகுளோபிரிட் கொடுத்துப் பார்த்தார். குளவி காத்திருக்கும் தீனித்தட்டைத் தேனீ வழக்கமாக விலக்கிப் போகும். மருந்து தின்றவை விலக்கவில்லை. பயம் போய்விட்டது. கல்கத்தா பல்கலைக்கழகத்தினர் 2015-ல், மருந்து அதிகம் அடிக்கும் கிழக்கிந்திய வயல்களில் வாழும் நாட்டுத் தேனீக்களுக்கு வாசனை அறியும் திறன் குறைந்திருப்பதைக் காட்டினார்கள். பெங்களூரில் தேசிய உயிரியல் ஆய்வு மையத்தினர் 2020-ல் மலைத்தேனீயின் மரபணுச் செயல்பாட்டையே படித்தார்கள். அது பூச்சிக்கொல்லி பற்றியது இல்லை, நகரத்துக் காற்று மாசு பற்றியது. மாசு மிகுந்த இடத்தில் பிடித்தவற்றில் எண்பது விழுக்காட்டுக்கு மேல் 24 மணி நேரத்தில் செத்தன. உயிரோடு இருந்தவற்றிலும் இதயத் துடிப்பிலிருந்து மரபணுச் செயல்பாடுவரை மாறியிருந்தது. வழி தெரிந்தவர்கள் நம் அருகிலேயே இருக்கிறார்கள் என்பதற்காக இதைச் சொல்கிறேன். வெள்ளாயணியில் தேனீ ஆராய்ச்சி நடக்கிறது, மைலாடும்பாறையில் ஏல ஆராய்ச்சி நடக்கிறது. ஏலப்பூவில் உட்காரும் நம் தேனீயை, நாம் உண்மையிலேயே அடிக்கும் கலவையோடு சேர்த்து, மடை மடையாகப் படிக்க வேண்டும். அதை நாம் கேட்டு வாங்க வேண்டும்.

நேர்மையாக ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். மரபணுச் செயல்பாடு மாறினாலே கெடுதல் என்று அர்த்தமில்லை. நஞ்சை உடைக்கும் மடை திறப்பது உடம்பு தன்னைக் காக்கும் முயற்சியாகவும் இருக்கும். மிளகாய் தின்றால் நமக்கும் மூக்கில் நீர் வரும், அது நோய் இல்லை. ஆய்வகக் கூண்டில் பார்த்தது தோப்பில் அப்படியே நடக்கும் என்றும் சொல்ல முடியாது. மழை, பட்டினி, ராணியின் வயது எல்லாம் சேர்ந்துதான் ஒரு பெட்டியின் கதை. பெரியவருடைய ஏழு பெட்டியையும் மருந்துதான் காலியாக்கியது என்று மேடையில் நின்று நான் தீர்ப்புச் சொல்ல முடியாது. வாசலில் பிணம் இல்லை என்பதால் மருந்துக்கு விடுதலை கொடுக்கவும் முடியாது. அதை மட்டும் உறுதியாகச் சொல்வேன்.

பட்டினி என்றதும் நினைவுக்கு வருகிறது. இல்லினாய்ஸில் மே பெரன்பாம் குழுவினர் 2013-ல் கண்டது இது. மகரந்தத்தின் சுவரில் இருக்கும் ஒரு சாதாரணப் பொருள், பி-கூமாரிக் அமிலம், தேனீ அதைத் தின்றதும் நஞ்சை உடைக்கும் மரபணுக்களும் நோய் எதிர்ப்பு மரபணுக்களும் கூடுதலாகத் திறக்கின்றன. தேனிலும் அது இருக்கிறது. சர்க்கரைப் பாகில் இல்லை. மழைக்காலப் பஞ்சத்தில் நாம் பெட்டிக்குச் சர்க்கரைப் பாகு மட்டும் ஊற்றுகிறோம். வேறு வழியில்லை என்பது புரிகிறது. ஆனால் மலையில் ஏலப்பூ விரிந்து மருந்தடி நடக்கும் அதே மாதங்களில், தேன் முழுவதையும் வழித்தெடுத்துவிட்டுப் பாகில் வாழவிட்ட கூட்டம், மடை திறக்கத் தெரியாத கூட்டமாக நஞ்சைச் சந்திக்கிறது. தேன் அறையில் ஓரிரு அடையை எடுக்காமல் விடுங்கள். வரப்பில் தும்பையும் பூண்டும் பூக்கிற இடத்தைக் களைக்கொல்லி போட்டு வெறும் தரையாக்காதீர்கள்.

கேரள, தமிழ்நாட்டு எல்லைப் பிரச்சினை பற்றியும் சிலர் கேட்டிருந்தார்கள். 2011-ல் கேரள அரசு மோனோகுரோட்டோபாஸ், புரோபெனோபாஸ், டிரையசோபாஸ், கார்போபியூரான் உட்படப் பல மருந்துகளைத் தடை செய்தது. காசர்கோட்டு எண்டோசல்பான் கொடுமைக்குப் பிறகு வந்த தடை அது. அந்த ஆண்டுதான் உச்ச நீதிமன்றம் எண்டோசல்பானை நாடு முழுக்க நிறுத்தியது. முதலமடைத் தோப்புகளிலும் எண்டோசல்பான் அடித்ததால் குழந்தைகள் பாதிக்கப்பட்டார்கள் என்ற குமுறலை இந்தப் பக்கத்தவர்கள் மறக்கவில்லை. ஆனால் கேரளம் தடுத்த சில மருந்துகள் கோவிந்தாபுரம் தாண்டினால், மீனாட்சிபுரம் தாண்டினால் கிடைத்தன என்பது இங்கே உட்கார்ந்திருக்கும் யாருக்கும் புதிய செய்தி இல்லை. பெட்டித் தேனீ ஒன்றிரண்டு கிலோமீட்டர் பறக்கும், மலைத்தேனீ அதற்கு மேலும் பறக்கும். அதற்குச் சோதனைச்சாவடி கிடையாது. ஒரு தோப்பில் தேனீக்கு இடம் கொடுத்து அடுத்த தோப்பில் அதற்கு நஞ்சு வைக்கும் இரண்டு சட்டம் வேண்டாம். ஐரோப்பிய ஒன்றியம் இமிடாகுளோபிரிட், குளோத்தியானிடின், தயாமீதாக்சாம் மூன்றையும் 2018-ல் திறந்தவெளிப் பயிர்களுக்கு நிறுத்தியபோது, நாடுகளின் எல்லைகளைப் பார்க்காமல்தான் நிறுத்தியது.

பெரிய சட்டம் வரும்வரை நம் கையில் இருப்பதைச் செய்வோம். பூ விரிந்திருக்கும்போது பூஞ்சாணமருந்தையும் பூச்சிமருந்தையும் ஒரே டிரம்மில் கலக்காதீர்கள். மாவில் பூ விரிவதற்கு முன்பே தத்துப்பூச்சியைப் பார்த்துவிடுங்கள். அடித்தே தீரவேண்டும் என்றால் வெயில் தாழ்ந்த பின் அடியுங்கள். ஏலத்தோட்டக்காரர்கள் மருந்தடிக்கு மட்டுமாவது தனி ஜீப், தனி நேரம் ஏற்பாடு செய்யட்டும், கூடுதல் கூலி கொடுக்கட்டும். காய் கூடுதலாகப் பிடித்தால் அந்தக் கூலி வந்துவிடும். பக்கத்துத் தோப்பில் பெட்டி இருந்தால் முந்தின நாள் ஒரு போன் போடுங்கள். பெட்டி மெலிவதாகத் தெரிந்தால், காலியாகும்வரை காத்திருக்காமல், உள்ளே உயிரோடு இருக்கும் தேனீக்களைச் சோதனைக்குக் கொடுக்க முன்வாருங்கள். உள்ளே என்ன நடந்தது என்பதை அவைதான் சொல்லும்.

பெரியவரிடம் மீதி இருக்கும் நான்கு பெட்டிகளை நாளைக் காலையில் திறந்து பார்க்கப் போகிறேன். அவர் சம்மதித்திருக்கிறார். உறைய வைக்கும் குடுவையும் காரில் இருக்கிறது. கூட வர விரும்புகிறவர்கள் ஆறு மணிக்குள் வாருங்கள். வெயில் ஏறிவிட்டால் அவை மாந்தோப்புக்குப் போய்விடும்.